சக்கரத்துக்கு ஒத்தடம்

அன்று காலை மைதானத்தில் வந்து நின்ற சைக்கிள்களிலேயே அதிகமாக மின்னியது அண்ணனுடைய சைக்கிள்தான். பக்கத்தில் போனவர்கள் எல்லோரும் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

“புதுசா தம்பி?” என்று ஒருவர் கேட்டார்.

“இல்ல சார், ரொம்பப் பழசு” என்றான் அண்ணன். அவனுக்கே அந்தப் பளபளப்பு ஆச்சரியமாக இருந்தது.

பக்கத்தில் நின்ற தங்கை வாண்டுவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்குப் பத்து வயது. வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் எல்லோருக்கும் அவள் வாண்டுதான். உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அப்போது அம்மா கருவிப்பெட்டியுடன் வந்தாள். அம்மா சைக்கிள் மெக்கானிக். வீட்டின் கீழே கடை, மேலே குடித்தனம். பந்தய நாளில் மட்டும் கடை மைதானத்துக்கு வந்துவிடும். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம் போட்டு, எல்லோருடைய சைக்கிள்களையும் அம்மா பழுது பார்ப்பாள்.

“என்னடா இது, கண்ணாடி மாதிரி இருக்கு? தண்ணி ஊத்திக் கழுவினியா?” என்று கேட்டாள் அம்மா.

“நான் தொடவே இல்லம்மா!”

இருவரும் வாண்டுவைப் பார்த்தார்கள்.

“துணியால துடைச்சேன்” என்றாள் வாண்டு.

அது பாதி உண்மை. துணியால் துடைத்தாள்தான். அதற்கு முன்னால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததை மட்டும் அவள் சொல்லவில்லை.

“குளிர்காலத்துல சைக்கிளைக் குளிப்பாட்டாதீங்க. பிரஷ்ஷும் காஞ்ச துணியும் போதும்.” கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அம்மா இதைச் சொல்லாமல் விட மாட்டாள். கேட்டுக் கேட்டு வாண்டுவுக்கு அது மனப்பாடம். ஆனால் மனப்பாடமாகத் தெரிந்ததை எல்லாம் யார் யோசித்துப் பார்க்கிறார்கள்? இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டாள்.

அவள் கழுவியதற்குக் காரணம் இருந்தது.

இது ஜோடிப் பந்தயம். இரண்டு பேர் சேர்ந்து மலை ஏறி, காட்டு வழியாக இறங்கி, ஏரியைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாக எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். எல்லோருக்கும் கடைசியில் துடைப்பக்காரர் வருவார். அவர் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். பந்தய நாளில் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு நீளத் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு, சர் சர் என்று தரையைத் தேய்த்தபடி மெதுவாக வருவார். அவர் உங்களை முந்திவிட்டால் உங்கள் பந்தயம் முடிந்தது. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

போன வருஷம் அவர் அண்ணனை முந்திவிட்டார். சங்கிலி அறுந்து, பாதி வழியில் நின்றுவிட்டான். அன்றிலிருந்து வகுப்பில் அவனுக்குப் பெயர் ‘பாதிவழி’. இந்த வருஷம் அவனோடு ஜோடி சேர யாரும் வரவில்லை. “நான் வர்றேன்” என்று வாண்டுதான் சொன்னாள். சைக்கிள் பளபளவென்று இருந்தால் யாரும் அவனைக் கேலி செய்ய மாட்டார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். முந்தின நாள் மாலை, அண்ணன் சீக்கிரமே படுக்கப் போனதும், அவனுடைய பின்சக்கரத்துக்குள் ஒளிந்திருந்த சேற்றைக்கூட விடாமல் பீய்ச்சி அடித்துக் கழுவினாள்.

தன்னுடைய சைக்கிளைக் கழுவும் முறை வந்தபோது கை வலித்தது. ஒரு துணியால் மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

“ஜோடிகள் எல்லாம் வரிசைக்கு வாங்க!” என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது.

“இதை மாட்டிக்கோங்க” என்று அம்மா இரண்டு ஜோடி மஞ்சள் ரப்பர் கையுறைகளை நீட்டினாள். பாத்திரம் கழுவப் போட்டுக்கொள்வது. “கம்பளிக் கையுறைக்கு மேல போட்டா காத்து உள்ள வராது.”

வரிசையில் நின்ற ஒரு நீல ஜாக்கெட் பையன் அதைப் பார்த்துவிட்டான். “பாதிவழி, பந்தயத்துக்கு வந்தியா, பாத்திரம் தேய்க்க வந்தியா?”

சுற்றிலும் சிரித்தார்கள். வாண்டு கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அண்ணன் எதுவும் கேட்காதவன் போல முன்னால் பார்த்தபடி நின்றான். விசில் ஒலித்தது.

மலைப்பாதை இலேசானதாக இல்லை. சேறு கல்லாக உறைந்திருந்தது. குட்டைகளின் மேல் ஐஸ் ஏடு படிந்து, சக்கரம் ஏறியதும் படார் என்று உடைந்தது. மூக்கு இருக்கிறதா என்று வாண்டு அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“தண்ணி குடிக்கலாமா?” என்று கேட்டாள்.

அண்ணன் தன் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தான். ஒரு சொட்டுகூட விழவில்லை. உள்ளே கடகடவென்று சத்தம் மட்டும் வந்தது.

“குடிக்க முடியாது. கடிக்கலாம்” என்றான்.

இருவரும் சிரித்தார்கள். செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளினார்கள். வாண்டு வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். ஆனாலும் உச்சிக்கு வந்தபோது அவர்களுக்குப் பின்னால் நிறைய ஜோடிகள் இருந்தன.

“வாண்டு, நாம நல்லாப் போறோம்!” என்று சிரித்தான் அண்ணன். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

பிறகு இறக்கம். பெடலை மிதிக்கவே தேவையில்லை. காற்று காதுக்குள் ஊளையிட்டது. காட்டு மரங்களுக்கு நடுவே, பிரேக்கைப் பிடித்தும் விட்டும், இருவரும் அடிவாரம் வரை இறங்கிவிட்டார்கள். அங்கிருந்து ஏரிக்குப் போகும் சமவெளிப் பாதை தொடங்கியது. வாண்டு மிதித்தாள். அண்ணனும் மிதித்தான்.

அண்ணனுடைய கால்கள் மட்டும் சுற்றின. சக்கரம் சுற்றவில்லை.

“என்னது இது?” அவன் வேகமாக மிதித்தான். பெடல் பிடிமானம் இல்லாமல் வெறுமனே சுழன்றது. சைக்கிள் மெதுவாகி, மெதுவாகி, நின்றேவிட்டது.

வாண்டுவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மெக்கானிக் வீட்டுப் பெண்ணுக்கு இது தெரியாதா? பின்சக்கரத்தின் நடுவில் ஃப்ரீவீல் இருக்கிறது. அதற்குள் குட்டிக் குட்டிப் பற்கள் உண்டு. மிதிக்கும்போது அவை எழுந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மிதிப்பதை நிறுத்தினால் படுத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் புகுந்து உறைந்துவிட்டால், படுத்த பற்கள் எழுந்திருக்காது. நேற்று இரவு கடைக்குள் சூடாக இருந்தது. அதனால் தண்ணீர் தண்ணீராகவே உள்ளே இருந்தது. மலைக் குளிரில் அது ஐஸாகிவிட்டது.

சோம்பேறித்தனமாகத் துடைத்த அவளுடைய சைக்கிள் நன்றாக ஓடியது. பாசமாகக் கழுவிய அண்ணனுடைய சைக்கிள் நின்றுவிட்டது.

“அம்மா போன வாரம்தான் இந்தச் சக்கரத்தைப் பிரிச்சு மாட்டினாங்க” என்றான் அண்ணன். அவன் குரல் கம்மியது. “அம்மா சரியா மாட்டலையா?”

இப்போது சொல்லியிருக்கலாம். வாண்டு குனிந்து சங்கிலியைப் பார்ப்பது போல நின்றாள். முகம் மட்டும் அந்தக் குளிரிலும் சூடாக இருந்தது.

பின்னால் வந்த ஜோடிகள் ஒவ்வொன்றாக முந்திப் போயின. நீல ஜாக்கெட் பையனும் போனான். “இந்த வருஷமும் பாதிதானா?” என்ற அவன் குரல் மரங்களுக்கு நடுவிலிருந்து கேட்டது.

சற்றுத் தள்ளி ஒரு கண்காணிப்புக் கூடாரம் தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே தபால்கார அக்கா உட்கார்ந்திருந்தார். அவர்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர். இன்று அவர் கையில் ஒரு வாக்கி-டாக்கியைக் கொடுத்திருந்தார்கள். அதில் பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும். அந்த மகிழ்ச்சியில் நேரில் பேசும்போதும் அவருக்கு வாய் தவறியது.

“என்னப்பா ஆச்சு? ஓவர்” என்றார்.

“மிதிச்சா சக்கரம் சுத்தலக்கா. அம்மா போன வாரம்தான் மாட்டினாங்க” என்றான் அண்ணன்.

“அடடா. வெளியாள் உதவி செய்யக் கூடாதுன்னு விதி இருக்கு. உங்க பையில இருக்கிறதை வச்சு நீங்களேதான் சரி பண்ணிக்கணும். நான் தகவல் மட்டும் சொல்லலாம்.” அவர் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார். “மெக்கானிக் அக்காவோட பசங்க அடிவாரத்துல நிக்கிறாங்க. போன வாரம் மாட்டின சக்கரம் வேலை செய்யல. ஓவர்.”

கரகரவென்று பதில் வந்தது. ஒலிபெருக்கியில் பேசுகிறவரின் குரல். “அவங்க மாட்டின சக்கரமா? இங்க அவங்ககிட்ட எத்தனை பேர் சைக்கிளைக் கொடுத்திருக்காங்க! நீங்க பேசுறது ஒலிபெருக்கியில எல்லாருக்கும் கேக்குது. ஓவர்.”

அவருடைய குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. அம்மாவுடையது.

“நான்தான் மாட்டினேன். ஏதாவது விட்டுப்போயிருக்கும். தப்பு என்னுதுதான்.”

வாண்டுவுக்கு அங்கேயே பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. மஞ்சள் கையுறையைப் பார்த்து எல்லோரும் சிரித்தபோது வந்த வெட்கம் வேறு. அது தோலோடு நின்றது. இது உள்ளே போய்த் தைத்தது. அம்மா தப்பே செய்யாமல், எல்லோருக்கும் முன்னால், தப்பு என்னுது என்கிறாள்.

“அக்கா, அதைக் கொஞ்சம் கொடுங்க” என்றாள்.

“விளையாட்டுப் பொருள் இல்ல கண்ணு இது.”

“தெரியும். கொடுங்கக்கா.”

அவள் முகத்தைப் பார்த்ததும் தபால்கார அக்கா கொடுத்துவிட்டார். வாண்டு பொத்தானை அழுத்தினாள்.

“அம்மா, அது உன் தப்பு இல்ல. நேத்து சாயங்காலம் நான்தான் அண்ணன் சைக்கிளைத் தண்ணி பீய்ச்சிக் கழுவினேன். உள்ள தண்ணி போய் உறைஞ்சிடுச்சு. காலையில கேட்டப்போ துணியால துடைச்சேன்னு பொய் சொன்னேன்.”

பொத்தானை விட்டாள். பதில் இல்லை.

“ஓவர் சொல்லலையே” என்று தபால்கார அக்கா மெதுவாக ஞாபகப்படுத்தினார்.

“ஓவர்” என்றாள் வாண்டு. கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது.

கரகரப்பு. பிறகு அம்மாவின் குரல். “கேட்டுச்சு.” அவ்வளவுதான். கோபமா, வருத்தமா, ஒன்றும் தெரியவில்லை.

வாண்டு திரும்பினாள். அண்ணனைப் பார்க்க முடியவில்லை. அவனுடைய ஷூவையே பார்த்தாள்.

“ஏன் கழுவினே?” என்று கேட்டான் அவன்.

“பளபளன்னு இருந்தா உன்னைப் பாதிவழின்னு சொல்ல மாட்டாங்கன்னு...”

அண்ணன் சைக்கிளைச் சாய்த்து வைத்தான். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். “பளபளன்னு இருந்தா, பளபள பாதிவழின்னு சொல்லுவாங்க” என்றான்.

தபால்கார அக்கா சிரிப்பை அடக்க இருமினார். வாண்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அப்போது காட்டுப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சர்... சர்... சர்...

துடைப்பக்காரர் வந்து கூடாரத்தின் முன் இறங்கினார். “என்ன பிள்ளைங்களா, நிக்கிறீங்க? நான் இங்க ஒரு கப் டீ குடிக்கலாம். கப் காலியானதும் கிளம்பிடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது” என்றார்.

வாண்டு கண்ணைத் துடைத்தாள். அழுவதற்கு வீட்டில் நிறைய நேரம் இருக்கும். பையைத் திறந்தாள். ஒரு துண்டு ரொட்டி, பஞ்சர் ஒட்டும் சாமான், அம்மா கொடுத்துவிட்ட சூடான பால் பிளாஸ்க்.

“பாலைச் சக்கரத்து மேல ஊத்திடலாமா?” என்று அண்ணன் எழுந்து வந்தான்.

“வேணாம்! உள்ள போய் அதுவும் உறைஞ்சிடும். ஒரு தடவை ஊத்தினதே போதும்.” வாண்டு யோசித்தாள். சூடு உள்ளே போக வேண்டும். ஈரம் போகக் கூடாது. “அண்ணா, உனக்குப் பல் வலிச்சப்போ கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்துச்சே, அம்மா என்ன பண்ணாங்க?”

“ஒத்தடம் கொடுத்தாங்க.”

“இதுக்கும் பல்லுதானே வலி?”

அவள் மஞ்சள் கையுறை ஒன்றைக் கழற்றினாள். அண்ணன் அதன் வாயை விரித்துப் பிடித்தான். வாண்டு சூடான பாலை அதற்குள் ஊற்றினாள். ஐந்து விரல்களும் உப்பி, கையுறை மாட்டு மடி மாதிரி தொங்கியது. உள்ளே பால் வேறு. ஷூ கயிற்றை அவிழ்த்து வாயை இறுக்கிக் கட்டினாள். அதைச் சக்கரத்தின் நடுவில் வைத்து, மேலே தன் கழுத்துத் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். சுண்டுவிரலில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அந்த விரலை மட்டும் மேலே தூக்கிப் பிடித்தாள். ஆனாலும் பால் கசிந்து அவளுடைய கம்பளிக் கையுறையை நனைத்தது.

துடைப்பக்காரர் டீயை ஊதி ஊதிக் குடித்தபடி எட்டிப் பார்த்தார். “சைக்கிளுக்கு உடம்பு சரியில்லையா?” என்றார்.

“பல்வலி” என்றான் அண்ணன்.

பெடலைச் சுழற்றிப் பார்த்தார்கள். பிடிக்கவில்லை. பால் ஆறிவிட்டது. அடுத்த கையுறையில் மீதிப் பாலை ஊற்றி வைத்தார்கள். துடைப்பக்காரரின் கப் சாய்ந்துகொண்டே போனது. வாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பெடலை மறுபடி சுற்றினாள்.

டிக் என்று ஒரு சத்தம். இன்னொரு டிக். பின்சக்கரம் வேகமாகச் சுழன்றது.

“பிடிச்சிடுச்சு!” என்று கத்தினான் அண்ணன்.

“கப் காலி” என்றார் துடைப்பக்காரர்.

இருவரும் தாவி ஏறினார்கள். “அண்ணா, காலை நிறுத்தாதே!” என்று கத்தினாள் வாண்டு. “மிதிச்சுட்டே இருந்தா பல்லு பிடிச்சுட்டே இருக்கும். நிறுத்தினா மறுபடி படுத்துக்கும்!”

ஏரிக்கரையில் காற்று எதிரே நின்று தள்ளியது. அண்ணன் காலை நிறுத்தவே இல்லை. சரிவிலும் மிதித்தான், திருப்பத்திலும் மிதித்தான். பிரேக் பிடித்தபடியும் மிதித்தான். வாண்டுவின் நனைந்த கை விறைத்துப்போய், கை இருப்பதே தெரியவில்லை. பின்னால் சர் சர் என்ற சத்தம் விடாமல் வந்தது. சில சமயம் அது மிகவும் பக்கத்தில் கேட்டது.

மைதானத்தின் கொடிகள் தெரிந்தன. கூட்டம் தெரிந்தது. வாண்டுவின் கால்கள் தானாக மெதுவாகின.

“என்ன?” என்றான் அண்ணன்.

“எல்லாரும் கேட்டிருப்பாங்க. நான் பொய் சொன்னதை.”

“ஆமா. கேட்டிருப்பாங்க.”

அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“எனக்கு அங்க வரவே வெட்கமா இருக்கு.”

“இருக்கும். நீ வராம நான் மட்டும் கோட்டைத் தாண்ட முடியாது. மிதி” என்றான் அண்ணன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தாள். இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின. துடைப்பம் பின்னாலேயே வந்து நின்றது. “கடைசி ஜோடி! துடைப்பத்துக்கு முன்னாடி!” என்று ஒலிபெருக்கி கத்தியது. கைதட்டல் கேட்டது. அண்ணன் கைப்பிடியின் மேல் நெற்றியை வைத்தபடி அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான். முடித்துவிட்டான். பாதி அல்ல, முழுவதும்.

வாண்டு அவனுக்கு ஒரு வாழ்த்துகூடச் சொல்லாமல் நழுவினாள். அம்மாவின் கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. திரும்பிப் போகவும் மனம் வரவில்லை.

“கூடாரத்துக்குக் கீழ ரெண்டு ஷூ தெரியுது” என்றது அம்மாவின் குரல். “ஒண்ணுல கயிறு இல்ல.”

வாண்டு மெதுவாக உள்ளே வந்தாள். “திட்டும்மா” என்றாள்.

“திட்டணும்தான். நீ கழுவினதுக்குக்கூட இல்ல. காலையில என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னியே, அதுக்கு.” அம்மாவின் கை நிறையக் கறுப்பு கிரீஸ். “ஆனா இப்போ நேரம் இல்ல. அங்க பாரு.”

கூடாரத்தின் வாசலிலிருந்து மைதானத்தின் வேலி வரை குட்டிக் குட்டிச் சைக்கிள்கள் நின்றன. ஒவ்வொன்றையும் பிடித்தபடி ஒரு குட்டிப் பையனோ பெண்ணோ தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். எல்லாச் சைக்கிள்களும் பளபளவென்று மின்னின.

“மத்தியானப் பந்தயத்துக்குப் போறவங்க” என்றாள் அம்மா. “நீ ரேடியோவுல சொன்னதும் மைதானமே கப்சிப். அப்புறம் அந்தச் சிவப்புத் தொப்பிப் பாப்பா வந்து, ‘ஆன்ட்டி, நானும் கழுவினேன்’னு அழுதா. அவளுக்குப் பின்னாடி இன்னொருத்தன். அப்புறம் வரிசை நிக்கல. வாரக்கணக்கா நான் கத்தினதை ஒருத்தரும் கேக்கல பாரு. நல்லவேளை, இப்பவாவது சொன்னாங்க. எல்லாத்தையும் பிரிச்சு, துடைச்சு, கிரீஸ் வைக்கணும். எனக்கு ரெண்டு கை பத்தாது.”

சிவப்புத் தொப்பிப் பாப்பா வாண்டுவை நிமிர்ந்து பார்த்தாள். “அக்கா, நீங்கதானே ரேடியோவுல பேசினது?” என்று கேட்டாள்.

வாண்டுவுக்குக் காது வரை சிவந்தது. “ஆமா, நான்தான்” என்றாள்.

“எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சுக்கா. நீங்க சொன்னீங்களா, அப்புறம் நானும் சொல்லிட்டேன்.”

வாண்டு பாப்பாவின் சைக்கிளைப் பிடித்து, தலைகீழாகத் திருப்பி நிறுத்தினாள். அம்மா ஒரு ஸ்பேனரை அவளிடம் நீட்டினாள். நீட்டியவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“என்னடி, கை எல்லாம் பால்? போய்க் கழுவிட்டு வா.”

வாண்டு குழாயைப் பார்த்து ஓடினாள்.

“கையை மட்டும்!” என்று கத்தினாள் அம்மா.